பூட்டில் ஒட்டிய படம்

என் பெரியம்மா மகன் ஆலையில் பைப் ஃபிட்டர். வால்வைக் கழற்றும் முன் நீராவி வரும் வழியை அடைத்து, வேலை முடியும்வரை யாரும் திறந்துவிடாதபடி ஆளுக்கொரு பூட்டு மாட்டி, அதில் அவரவர் படத்தை ஒட்ட வேண்டும். அண்ணன் ஒட்டியதோ, கடல் கடந்து வாழ்க்கைப்பட்டுப் போன மகளின் ஆறு வயதுப் படம்.

“உன் மூஞ்சிய ஒட்டுய்யா!” என்றார் மேஸ்திரி.

“அதப் பார்த்தா எவனாவது வேணும்னே திறந்து விட்ருவான். இவளப் பார்த்தா கை வராது மேஸ்திரி.”

மிச்ச நீராவி வடியும்வரை காத்திருந்து பழைய வால்வை இறக்கினார்கள். புதியது ஏறியதும் எல்லாரும் பூட்டை எடுத்தார்கள். அண்ணனுடையது மட்டும் தொங்கியது.

“சாவி தொலைஞ்சுதா?”

“இல்ல மேஸ்திரி. மகளப் பார்த்து ஒன்பது வருஷமாச்சு. இது தொங்குற வரைக்கும் அவ என் பக்கத்துல நிக்கிற மாதிரி இருக்கு. ரெண்டு நிமிஷம் கழிச்சு எடுக்குறேன்.”

அவசரப்படுத்த வந்த மேஸ்திரி, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.