வண்டியை எடு, விளக்கு எரிகிறது

தொலைபேசியை எடுத்ததும் ஓடில் மிஷோ வணக்கம் சொல்வதில்லை. "உன் வண்டி எங்க நிக்குது?" என்றுதான் கேட்பாள். பதில் பிடித்தால்தான் மேற்கொண்டு பேச்சு. நாய்க்கு உரிமம் வாங்கக் கூப்பிட்டவரும் சரி, செத்துப்போன மாமனாருக்குச் சான்றிதழ் கேட்டுக் கூப்பிட்டவரும் சரி, முதலில் வண்டியைத் தெருவிலிருந்து எடுத்துவிட்டதாகச் சத்தியம் செய்தாக வேண்டும். நவம்பரில் தொடங்கும் இந்த விசாரணை, ஆற்றில் பனிக்கட்டி உடைந்து போகும்வரை ஓயாது.

லாவெர்துர் நகர அலுவலகம் என்பது ஓர் அறை, ஒரு நீள மேசை, ஓர் ஓடில். நிர்வாகக் குழு என்று சிலர் உண்டு. மாதம் ஒருமுறை கூடி, ஓடில் ஏற்கெனவே செய்து முடித்ததற்கு அனுமதி வழங்கிவிட்டுக் காபி குடித்துக் கலைவார்கள். மான் வேட்டைக்கு உரிமம், குப்பைக் கிடங்குக்கு ஸ்டிக்கர், கல்யாணப் பதிவு, வண்டிப் பதிவு எல்லாம் அவள் கையால்தான். ஊரிலுள்ள அத்தனை வண்டிக்கும் பதிவு போட்டுத் தருகிறவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கேட்டால், "ஓட்டுறவங்க எங்க நிறுத்தித் தொலைக்கிறாங்கன்னு பாக்கவே எனக்கு நேரம் பத்தல. இதுல நான் வேற ஓட்டணுமா?" என்பாள். ஊரே அவளை 'மதாந்த்' என்று கூப்பிடும். அத்தை என்று அர்த்தம். அப்படிக் கூப்பிடுகிறவர்களில் அவளைவிட மூத்தவர்களும் அடக்கம். அவர்களுக்கும் அவளிடம் பயம்தான்.

அலுவலகம் பூட்டியிருக்கும்போது கூப்பிட்டால், பதிவு செய்த அவள் குரல் பேசும். குளிர்கால அறிவிப்பு என்று பெயர்; கேட்பவருக்கு அது முகத்துக்கு நேராகத் திட்டு வாங்குவதுபோல் இருக்கும். "வண்டியத் தெருவுல விடாதீங்க. உங்க வாசல் பனிய அள்ளி எதிர்வீட்டுக்காரன் பக்கம் தள்ளாதீங்க. அவனுக்கும் மண்வெட்டி இருக்கு. தீயணைப்புக் குழாயைச் சுத்திப் பனிய எடுத்து வைங்க. வீடு பத்திக்கிச்சுன்னா ரெஜினால்ட் வந்து தோண்டிட்டு இருக்க மாட்டான். கணப்போட புகைக்குழாய் வாய் பனில மூடிக்காம பாத்துக்குங்க, தூக்கத்துலயே போய்ச் சேந்துடுவீங்க. படியில தூவுறதுக்கு மணல் வேணும்னா நகரக் கொட்டகையில வீட்டுக்கு ரெண்டு வாளி. ரெண்டுன்னா ரெண்டுதான். குளிக்கிற தொட்டியத் தூக்கிட்டு வந்து இதுதான் எங்க வீட்டு வாளின்னு சொல்லக் கூடாது. யாரச் சொல்றேன்னு அவருக்கே தெரியும்." கடைசியில் குரல் ஒரு படி இறங்கும். "ஆத்துப் பனிக்கட்டி மேல யாரும் நடக்காதீங்க. யாரும்னா யாரும்தான்."

தொட்டிக்காரர் அல்ஃபே பெல்த்தியே, உருளைக்கிழங்கு விவசாயி, தனிக்கட்டை. இரவில் தூக்கம் வராதபோது இந்த எண்ணைக் கூப்பிட்டு, தன் பெயர் வராமல் தன்னைத் திட்டுவதைக் கேட்டுவிட்டுப் படுப்பார் என்று ஊரில் பேச்சு. அவர் நாயும் கூடவே கேட்டிருக்க வேண்டும். அது இப்போதெல்லாம் தெருவில் படுப்பதே இல்லை.

அலுவலகக் கூரையின் மேல் ஒரு கம்பம், கம்பத்தில் நீல விளக்கு. புயல் வருகிறதென்றால் ஓடில் சுவிட்சைப் போடுவாள். உடனே ஊர் வண்டிகள் அத்தனையும் தெருவை விட்டு முற்றத்துக்கும் கொட்டகைக்கும் ஏறிவிட வேண்டும். பனி தள்ளும் லாரிக்கு வழி வேண்டுமே. எடுக்காத வண்டியை லாரி புதைத்துவிட்டுப் போய்விடும். ஒரு வருடம் ஜெர்மேன் என்று ஒருவன் அப்படிப் புதைந்த தன் வண்டியைத் தோண்டி எடுத்து, பிப்ரவரி முழுக்க ஓட்டினான். பனி கரைந்த பிறகுதான், ஓட்டியது பக்கத்து வீட்டுக்காரனுடையது என்று தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரனோ தன்னுடையது இன்னும் அடியில் பத்திரமாக இருப்பதாக நினைத்து, அந்தப் பனிக்குவியலுக்கு தினமும் காலையில் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தான். நம்பாதவர்கள் ஓடிலைக் கேட்கலாம். இரண்டு வண்டிக்கும் பதிவு போட்டவள் அவள்தான்.

இத்தனை பேரைத் தொலைபேசியில் பிடித்து உலுக்குகிறவளால் ஒருத்தியுடன் மட்டும் பேச முடியாது. அவளுடைய அக்கா ஃபெர்னாந்த்.

எங்கள் ஆறு பாதிவரை ஒரு நாடு, அதற்கு மேல் இன்னொரு நாடு. ஃபெர்னாந்த் அக்கரையில் வாழ்க்கைப்பட்டவள். கல்யாணம் ஒரு ஜனவரியில். பெண் வீட்டு ஊர்வலம் பனிக்கட்டி மேலேயே நடந்து போனது. பிடில்காரன் கையுறையைக் கழற்ற மாட்டேன் என்றதால் இரண்டே சுரம்தான் வந்தது, அதற்கே பாதிரியார் ஆடினார். அந்த நாளில் கோடைக்காலம்தான் குடும்பங்களைப் பிரிக்கும். ஆறு உறைந்தால் சேர்ந்துகொள்வார்கள். ஞாயிறுதோறும் ஃபெர்னாந்த் வீட்டில் கோழிக்குழம்பு, ஒரு பக்கம் மட்டும் சுட்டெடுத்த ப்ளோய் அடை, அடுப்படியில் சீட்டுக் கச்சேரி. சகோதரிகள் இருவரும் ஒரே அணியில் உட்கார்ந்து, கூசாமல் கண்ஜாடை காட்டி ஏமாற்றுவார்கள். பிறகு எல்லைக் காவல் இறுகியது. ஆறும் பழையபடி உறைவதில்லை. ஓடை வந்து கலக்கும் இடத்தில் ஒரு மார்ச் மாதம் ஒருவன் பனிவண்டியோடு தண்ணீருக்குள் போனான். ஓடில்தான் அவன் பெயரை மரணப் பதிவில் எழுதினாள். அறிவிப்பின் கடைசி வரி அன்றைக்குச் சேர்ந்தது.

ஃபெர்னாந்துக்கு இப்போது காது சுத்தமாகக் கேட்காது, கண்ணிலும் புகை. பாலம் வழியாக யாராவது கூட்டிப் போனால் பார்த்துவிட்டு வருவாள் ஓடில். போன இலையுதிர் காலத்தில் பாலத்தையும் பழுது பார்க்க மூடிவிட்டார்கள். அடுத்த பாலம் வெகு தூரம். ஆகவே தினமும் அலுவலகச் சன்னலில் நின்று அக்கரைப் புகைபோக்கியைப் படிப்பாள். "இன்னைக்குக் கறுப்பா வருது. பய ஈர விறகு வாங்கி ஏமாந்திருக்கான்." பய என்பது ஃபெர்னாந்தின் மகன் கயேத்தான்; அறுபது வயதுக்காரன்.

அவன்தான் ஒருமுறை தொலைபேசியில் சொன்னான். "சித்தி, அம்மாவுக்கு ஆத்துக்கு இந்தப் பக்கம் நிக்கிற ஆளே தெரியல. ஆனா ஒங்க நீல விளக்கு மட்டும் தெரியுது. அது எரிஞ்சா, ஓடில் வேலையில இருக்காங்கறாங்க." அன்று முழுக்க ஓடில் யாரிடமும் வண்டியைப் பற்றிக் கேட்கவில்லை.

இந்த ஜனவரியில் ஒரு காலை கயேத்தான் மறுபடி கூப்பிட்டான். தெற்கே கடலோர நகரத்தில் முதியோர் இல்லத்தில் இடம் கிடைத்துவிட்டது. அடுத்த வாரம் என்றிருந்தது, நாளைக்குப் புயல் என்பதால் இன்று மாலையே வண்டி வருகிறது. வீட்டைப் பூட்டப் போகிறார்கள். இனி ஃபெர்னாந்த் ஆற்றங்கரைக்குத் திரும்ப மாட்டாள்.

அலுவலகத்தில் தீயணைப்புத் தலைவர் ரெஜினால்டும் அல்ஃபேயும் ஓசிக் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஓடில் பேசி முடிக்கும்வரை இருவரும் கோப்பைக்குள்ளேயே பார்த்தார்கள்.

"சுத்திக்கிட்டு அடுத்த பாலம் வழியாப் போகலாம், கிளம்புங்க," என்றார் ரெஜினால்ட்.

"காவல் சாவடியில நின்னு, அக்கரைப் பாதையில திரும்பி வந்து... நாம போய்ச் சேர்றப்ப வீட்டுல பூட்டுதான் இருக்கும்," என்றாள் ஓடில்.

அல்ஃபே தொண்டையைக் கனைத்தார். "ஆறு இருக்கே மதாந்த். நேத்துத்தான் மீன் பிடிக்க ஓட்டை போட்டேன். என் கை முழுக்க உள்ள போயும் தண்ணி வரல."

"நீ மேல போனியா?"

"மீன் தானா கரைக்கு வராதே."

"பாரு ரெஜினால்ட், என் முன்னாடியே சொல்றான்."

"நானும் அளந்தேன்," என்றார் ரெஜினால்ட் மெதுவாக. "நேர் எதுக்க லாரியே போகும். காவல்காரங்ககிட்ட நான் பேசிக்கறேன். போயிட்டு வாங்க. நாங்க யாரும் பாக்கல."

ஓடில் காலிக் கோப்பைகளை அடுக்கினாள். "நீங்க பாக்க மாட்டீங்க. இந்த ஊர்ல சன்னல் எல்லாத்துக்கும் கண்ணு. இன்னைக்கு நான் நடந்தா, நாளைக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க ஓடைப் பக்கமா குறுக்க போகும். மதாந்தே போனாங்களேன்னு சொல்லும். அப்புறம் அதுங்க பேரையும் நான்தானே எழுதணும்?"

அவள் கோட்டை மாட்டிக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்குப் போவதாகச் சொல்லி வெளியே போனாள். சாப்பாட்டுப் பை மேசையிலேயே இருந்தது. திரும்பி வந்தபோது முழங்கால்வரை பனி. ரெஜினால்ட் சன்னலில் நின்று பார்த்திருந்தார்: காலடித் தடம் கரையிறங்கி, பனிக்கட்டியின் ஓரம்வரை போய், அங்கே ஓரிடத்தில் மிதித்து மிதித்துக் குழியாகி, அதே வழியில் திரும்பியிருந்தது.

கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடில் சுவிட்சைப் போட்டாள்.

வானத்தில் ஒரு பொட்டுப் பனி இல்லை. தொலைபேசி அலறத் தொடங்கியது.

"மதாந்த், புயல் நாளைக்குன்னுதானே ரேடியோல சொன்னான்?"

"ரேடியோக்காரனா உன் வண்டிய எடுக்கப் போறான்? விளக்கு எரியுதா இல்லியா?"

"எரியுது."

"அப்ப எடு."

மருந்துக்கடைக்காரி கேட்டாள், பாதிரியார் கேட்டார், முடிதிருத்துபவன் சோப்பு நுரையோடு ஒருவரை நாற்காலியில் விட்டுவிட்டுக் கேட்டான். எல்லோருக்கும் அதே பதில். பிறகு அழைப்புகள் தாமாகவே நின்றன. அல்ஃபே தன் வாயை அடக்கியிருக்க மாட்டார். கடை கடையாகப் போய் அக்கா சங்கதியைச் சொல்லியிருப்பார். பெரிய தெருவில் வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பி முற்றங்களுக்குள் ஏறின. ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. லாவெர்துரில் அதற்கு முன் அப்படி நடந்ததே இல்லை. இது மட்டும் கட்டுக்கதையில்லை.

நான்கு மணிக்கே இருட்டும் காலம். விளக்கின் நீலம் பனிமேட்டில் ஏறி, ஆற்றின் மேல் படர்ந்து, நடு எல்லையைத் தாண்டிப் போயிருந்தது. மறுபடி மணி அடித்தது. கயேத்தான்.

"சித்தி, அம்மாவச் சன்னல் பக்கம் உக்கார வச்சிருக்கேன்."

"பாக்கறாளா?"

"பாக்கறாங்க."

"என்ன சொல்றா?"

"இவ்வளவு நேரமாச்சே, அவ இன்னும் வீட்டுக்குப் போகலியான்னு கேக்கறாங்க."

"போறேன்னு சொல்லு," என்றாள் ஓடில். காது கேட்காதவளுக்கு அதை எப்படிச் சொல்வது என்று கயேத்தானும் கேட்கவில்லை.

அக்கரையில் ஒரு வண்டியின் முகப்பு வெளிச்சம் வீட்டு முன்னால் வந்து நின்றது. வெகுநேரம் நின்றது. பிறகு மெல்லத் திரும்பி, தேவாலயத்தைக் கடந்து, மரங்களுக்குள் போயிற்று. சமையலறைச் சன்னல் இருண்டது.

ரெஜினால்ட் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு அருகில் வந்தார். "வண்டி போயிடுச்சு மதாந்த். அணைச்சிடவா?"

ஓடில் திரும்பிப் பார்க்கவில்லை. கையைச் சுவரில் தடவிக்கொண்டே போய், அவர் கை படாதபடி சுவிட்சை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.