டி/ஓ அழகப்பன்

டன்லப் ஸ்திரீட்டில் நான் வேலை பார்க்கும் கல்யாணப் பத்திரிகைக் கடையில், ஆங்கிலப் பக்கத்தை வடிவமைப்பவர் அழகப்பன் அங்கிள். பேனாவைச் சாய்த்துப் பிடித்து எழுதியதுபோல் ஏறும்போது மெலிந்து, இறங்கும்போது தடிக்கும் ஓர் எழுத்துரு அவருக்கு உயிர். மணமக்கள் பெயரோ, கேக் பெட்டியோ, அழகு நிலையப் பலகையோ, முதலில் அதைத்தான் போட்டுப் பார்ப்பார். மண்டபத்து முகவரியை மட்டும் அதில் வைக்க விடமாட்டார். "அழகப் பாத்துட்டே நிப்பாங்க, கல்யாணத்துக்கு வந்து சேரமாட்டாங்க லா."

அந்த எழுத்துருவின் பெரிய எழுத்து ஒவ்வொன்றுக்கும் நீண்ட சுருள் உண்டு. இரண்டு அடுத்தடுத்து நின்றால் சிக்கிக்கொள்ளும். அதனால் அடையாள அட்டையில் மகள் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே, 'இன்னாரின் மகள்' என்பதற்காக வரும் 'டி/ஓ'வை (D/O) பத்திரிகையில் எடுத்துவிடச் சொல்வார். எல்லாரும் கேட்டுக்கொள்வார்கள்.

போன ஜூனில் அவருடைய மகள் பவித்ரா தன் கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தாள். என் வயதுதான். அவள் சிறு பிள்ளையாக இருந்தபோதே அவர் மனைவியைப் பிரிந்து, ஈசூனில் தனி அறையில் இருக்கிறார். அவளை வளர்த்தது அம்மாவும் தாய்மாமனும். பத்திரிகையில் அழைப்பவர்களும் அவர்கள்தான்.

அங்கிள் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மணமகள் பெயரை மட்டும் 'பவித்ரா டி/ஓ அழகப்பன்' என்று அமைத்து, திரையை அவள் பக்கம் திருப்பினார். டி/ஓ சாதாரண எழுத்தில், மிகச் சிறியதாக இருந்தது. எதுவும் சிக்கவில்லை. வேறு யாருக்கும் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

"டி/ஓ வேணாம்ப்பா. இந்த எழுத்துல நல்லா இருக்காதுல்ல?"

"நல்லாத்தானேம்மா இருக்கு?"

"பவித்ரா மட்டும் போதும்ப்பா. சிம்பிளா." திரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

அழித்தார். கடைசி எழுத்தின் வாலை நீட்ட இடம் கிடைத்தது. நீட்டினார். பார்க்க முன்பைவிட அழகாக இருந்தது.

பத்திரிகைகளை வாங்க வந்தவளிடம், "எனக்கு?" என்று சிரித்தார்.

"நீங்கதானப்பா அடிச்சீங்க, ஒண்ணு எடுத்துக்குங்க."

தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு பத்திரிகை வைத்தால்தான் நம் வீடுகளில் அது அழைப்பு. தெரியாமல் சொன்னாளா, தெரிந்தேதானா? என் பட்டச் சான்றிதழிலும் இப்படியொரு சுருள் எழுத்துதான். கப்பல் பட்டறையில் வேலை செய்யும் என் அப்பா, அதில் தன் பெயரை விரலால் தடவிப் பார்த்தார். எனக்குப் படிப்புக் கொடுத்தவர் அவர். பவித்ராவுக்கு அங்கிள் என்ன கொடுத்தார் என்று எனக்குத் தெரியாது. இருந்தும் அன்று அவள்மேல் கோபப்பட்டேன். அந்தக் கோபத்துக்கு எனக்கு என்ன உரிமை?

கல்யாணம் பக்கத்துக் கோயிலில். அன்று காலை அங்கிள் புதுச் சட்டையில் கடைக்கு வந்தார்.

"போகலையா அங்கிள்?"

"கூப்பிட்டா போகலாம்மா."

போனை மேசைமேல் வைத்துக்கொண்டு யாருடைய பெயரையோ அமைத்தார். கோயிலில் கெட்டிமேளம் கேட்டது. கை நின்றது. அது ஓய்ந்த பிறகு, போனை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.