எண்ணிக்கை விற்காத இரண்டு மூட்டை

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. ஊருக்கு அவர் எண்ணிக்கை. அவர் பெண்டாட்டி எண்ணிக்கையக்கா. வாசலில் படுத்திருக்கும் நாய்கூட எண்ணிக்கை வீட்டு நாய்தான்.

மிளகு ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாக அவர் பார்த்த வேலை, கொடியில் தொங்கும் மிளகுச் சரத்தை எண்ணுவது. கம்பெனி அவருக்கு ஓர் ஏணியும், அரை மீட்டர் நீளம் அரை மீட்டர் அகலத்தில் ஒரு மரச்சட்டமும் கொடுத்திருந்தது. காய் பிடித்த பிறகு, பறிப்புக்கு மூன்று மாதம் இருக்கும்போது தோட்டம் தோட்டமாகப் போவார். பத்துக் கொடிக்கு ஒரு கொடி. அடியில் ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை, உச்சியில் ஒரு தடவை சட்டத்தை வைத்து, அதற்குள் எத்தனை சரம் என்று எண்ணி நோட்டில் எழுதுவார். கடல் தாண்டிய நாடுகளிலும் கம்பெனிக்கு இவரைப்போல ஆட்கள் உண்டு. எல்லார் எண்ணிக்கையும் முதலாளி மேஜைக்கு வந்து சேர்ந்தால், உலகத்துச் சந்தைக்கு இந்த வருஷம் எவ்வளவு மிளகு வரும், விலை ஏறுமா இறங்குமா என்று அவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். ஊருக்குத் தெரியாது. தெரியக் கூடாது. தொழிலே அதுதான்.

அதனால் ஊர் எண்ணிக்கையை மோப்பம் பிடித்துக்கொண்டே இருந்தது. அவர் இருமினால் விளைச்சல் மோசம், புதுச்செருப்பு வாங்கினால் விளைச்சல் அமோகம். சவரக்கடைக்காரர் ஒருநாள் கத்தியைக் கழுத்தில் வைத்துக்கொண்டே கேட்டார்: "அண்ணே, வாயத் திறக்க வேணாம். ஏறும்னா தலைய ஒரு ஆட்டு ஆட்டுங்க, போதும்."

"கத்தி கழுத்துல இருக்கறப்ப தலைய ஆட்டச் சொல்றியேடா. உன்னை நம்பி எவன்டா உக்காருவான்?"

ஊர் அவர் வாயை நம்பாது. அது கம்பெனிச் சம்பளம் வாங்கும் வாய். ஊர் நம்பியது அவருடைய இரண்டு மூட்டை மிளகை. வீட்டுக்குப் பின்னால் நாற்பது கொடி வைத்திருந்தார்; வருஷத்துக்கு இரண்டு மூட்டை தேறும். அந்த இரண்டும் முன்னறை ஜன்னலோரம், தெருவில் போகிறவன் கண்ணில் படும்படி அடுக்கியிருக்கும். அவர் அதைத் தூக்கிக்கொண்டு போய் விற்ற அன்றைக்கு ஊரே விற்கும். அவர் விற்காத வரை ஒருத்தன் கோணி அவிழ்க்க மாட்டான். மனுஷன் பொய் சொல்வான், மூட்டை சொல்லாது என்பது அவர்கள் கட்சி.

அந்த வருஷம் எண்ணிக்கை ஏணியில் நின்று ஒரே சட்டத்தை மூன்று தடவை எண்ணினார். கொடி சடை போட்டதுபோலக் காய்த்திருந்தது. நாற்பது தோட்டம் சுற்றி முடித்து முதலாளி அறைக்குப் போனார். முழங்கால் இரண்டும் தேய்ந்துபோய், படி ஏறும்போது நொறுக் நொறுக்கென்று சத்தம் கேட்கும். அதை வைத்தே யார் வருகிறது என்று முதலாளிக்குத் தெரியும்.

"எத்தனை?"

"சராசரி அறுபத்தொண்ணு, முதலாளி. போன வருஷம் முப்பத்தெட்டு."

"கண்ணாடி மாத்துனியா?"

"இல்லைங்க. அதே கண்ணாடிதான்."

முதலாளி கதவைச் சாத்தச் சொன்னார். வெளிநாட்டிலிருந்தும் இதே சேதிதான் வந்திருந்தது. நான்கு வருஷம் முன்னால் விலை உச்சிக்குப் போனபோது, அங்கே காடு கழனி பாக்கியில்லாமல் மிளகு நட்டுத் தள்ளியிருந்தார்கள். அந்தக் கொடியெல்லாம் இப்போது ஒரே மூச்சில் காய்க்கிறது. கம்பெனிக் கிடங்கிலோ போன வருஷம் நல்ல விலை கொடுத்து வாங்கிய சரக்கு கூரை முட்டக் கிடந்தது.

"இந்தச் சரக்கு வெளிய போக எனக்கு ஆறு வாரம் வேணும். அதுவரைக்கும் உன் அறுபத்தொண்ணு இந்த ரூம்லயே கெடக்கட்டும்" என்றார் முதலாளி. "அப்புறம், உன் வீட்டு ரெண்டு மூட்டை. அதத் தொடாத. நீ வித்தா ஊரு விக்கும், ஊரு வித்தா வெல விழும்."

எண்ணிக்கை நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"கொள்முதல் பொறுப்பு காலியாகுது. ஏணி கெடையாது. நாற்காலி, ஃபேன், தனி ரூம். உன் முட்டியப் பாத்தா எனக்கே பாவமா இருக்குய்யா."

அந்த மாதச் சந்தை அறிக்கையில் கம்பெனி இப்படிப் போட்டது: 'வெயிலின் கடுமையால் விளைச்சல் கால் பங்கு குறையும் என அஞ்சப்படுகிறது.' யார் அஞ்சினார்கள் என்று அதில் இல்லை. அறுநூற்று எண்பதில் இருந்த கிலோ விலை பத்தே நாளில் எழுநூற்று இருபது ஆனது. கிடங்குச் சரக்கு லாரி லாரியாகத் துறைமுகத்துக்குப் போனது.

இதெல்லாம் எண்ணிக்கையைத் தூங்க விடாமல் செய்திருக்காது. முதலாளிகள் எப்போதும் செய்கிற வேலைதான். ஆனால் அவர் தங்கச்சி வீட்டில் பதினெட்டு மூட்டை இருந்தது.

தங்கச்சி புருஷனுக்கு மூன்று ஏக்கர் தோட்டமும் இரண்டு ஃபோனும் உண்டு. மிளகு விலைக்கென்று பதினோரு வாட்ஸப் குழுவில் இருந்தார். உலகத்தில் எந்தத் துறைமுகத்தில் கப்பல் நிற்கிறது என்று கேட்டால் சொல்வார். வீட்டில் கேஸ் தீர்ந்துபோனது மட்டும் தெரியாது. போன பறிப்பு மிளகு முழுவதையும் விற்காமல் வைத்திருந்தார். அவர் மகளுக்கு நர்ஸிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. கடிதத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துச் சுவரில் மாட்டியிருந்தாள். முழுக் கட்டணத்தையும் மூன்று மாதத்துக்குள் கட்டாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். இன்றைய விலைக்கு விற்றால் கட்டணம் போகக் கொஞ்சம் மிஞ்சும்.

எண்ணிக்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை போனார். மருமகள் டீ கொண்டுவந்து வைத்தாள். "மாமா, நான் படிச்சு முடிச்சதும் முதல் வேலையா உங்க முட்டிக்குத்தான் வைத்தியம்" என்றாள்.

"அதுவரைக்கும் அது இருக்கணுமே" என்று சொல்லி அவளை உள்ளே அனுப்பினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "மாப்ள, மூட்டைய வித்துடுங்க."

மாப்பிள்ளை ஃபோனிலிருந்து தலையைத் தூக்கினார். முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு பரவியது.

"எப்ப?"

"நாளைக்கே. தள்ளிப் போடாதீங்க."

"ஓகோ. கம்பெனிக்கு அவ்ளோ அவசரமா?"

"கம்பெனிக்கு இல்ல மாப்ள. நான் சொல்றேன்."

"மச்சான், நீங்க யாரு? கம்பெனி ஆளு. கம்பெனி ஆளு வித்துடுன்னா என்ன அர்த்தம்? கம்பெனிக்கு மெளகு வேணும். ஏன் வேணும்? ஏறப்போகுது." தொடையில் தட்டிக்கொண்டார். "ஆயிரத்தத் தொடும், பாருங்க."

"தொடாது."

"அப்படியா? அப்ப உங்க ஜன்னல்ல ரெண்டு மூட்டை ஏன் கெடக்கு? நீங்க வித்தீங்களா?"

அறுபத்தொன்று என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் சொன்னால் அது பதினோரு குழுவுக்குப் போய், அவர் செருப்பு மாட்டுவதற்குள் முதலாளி காதுக்குப் போய்விடும். நாற்காலி போகும், ஃபேன் போகும். ஐம்பத்து நாலு வயசில் மறுபடி ஏணி.

"அது... வீட்டுக்காரி இருக்கட்டும்னா" என்றார்.

"அக்காவும் வெவரமான ஆளுதான்!" என்று மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். தங்கச்சி சிரிக்கவில்லை. அடுப்பங்கரை வாசலில் நின்று அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து எண்ணிக்கை ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கு வழி தெரியும். அந்த இரண்டையும் நாளைக்குக் காலையில் தள்ளுவண்டியில் ஏற்றித் தெருவோடு போனால் போதும். ஒரு வார்த்தை பேச வேண்டாம். மாப்பிள்ளைதான் முதல் ஆளாக ஓடுவார். எண்ணிக்கை எழுந்து ஒரு மூட்டையின் காதைப் பிடித்தார். பிடித்தபடி நின்றார்.

"என்ன, எலி புகுந்துடுச்சா?" என்று உள்ளேயிருந்து மனைவி கேட்டாள்.

"ஒண்ணுமில்ல" என்று கையை எடுத்துவிட்டார். நான் சொல்லத்தானே செய்தேன், அவன் கேட்கவில்லை, அதற்கு நான் என்ன செய்ய என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நல்ல நியாயம்தான். வாயில் போட்டு எத்தனை தரம் சப்பினாலும் கரையவில்லை.

ஆறாவது வாரக் கடைசியில் கிடங்கு காலியானது. ஏழாவது வாரம் அவருக்கு நாற்காலி வந்தது. எட்டாவது வாரம், அந்த அறுபத்தொன்று சரியான கணக்குதான் என்று சந்தையே காட்டிவிட்டது. வெளிநாட்டு மிளகு கப்பல் கப்பலாக இறங்கியது. உள்ளூரில் பறிப்பும் தொடங்கியது. விலை ஐந்நூற்றுத் தொண்ணூறு. பிறகு நானூற்று முப்பது.

"நடிப்பு!" என்றார் மாப்பிள்ளை ஒவ்வொரு தடவையும். "கீழ தள்ளி வாங்கப் பாக்கறானுங்க. அசரக் கூடாது. மச்சான் வீட்டு மூட்டை இன்னும் ஜன்னல்லதான் கெடக்கு, நான் தெனம் பாத்துட்டுத்தான் வர்றேன்."

கட்டணம் கட்டக் கடைசி நாளைக்கு முந்தின நாள் ஒரு மினி லாரி கம்பெனி வாசலில் வந்து நின்றது. பதினெட்டு மூட்டை. மாப்பிள்ளை சட்டை வியர்வையில் ஒட்டிக்கொள்ள உள்ளே வந்தார். நாற்காலியில் இருந்தவர் யாரென்று தெரிந்தும், வரிசையில் நின்றே வந்தார்.

எண்ணிக்கை ஒரு மூட்டையைக் குத்திச் சாம்பிள் எடுத்தார். லிட்டர் கிண்ணத்தில் கொட்டி, குச்சியால் மேலே வழித்து, தராசில் வைத்தார். கனமான மணி. ஒரு சொத்தை இல்லை. இதற்குக் குறை சொல்லி விலையைக் குறைக்க முடியாது. தரத்தைச் சொல்லி ஏற்றவும் முடியாது. விலை சுவரில் பலகையில் எழுதியிருந்தது. முந்நூற்று நாற்பது. காலையில் அவர் கையால் எழுதியதுதான்.

"என்ன மச்சான், ஏதாச்சும் பாத்துப் போடக் கூடாதா?"

"போர்டு வெலதான் மாப்ள. என் கையில இல்ல."

"அது தெரியும். உங்க கையில என்னைக்கு என்ன இருந்துச்சு" என்றார் மாப்பிள்ளை. குத்திப் பேசவில்லை. பாவமாகத்தான் சொன்னார்.

வந்தது பாதிக் கட்டணத்துக்குத்தான் காணும். கல்லூரியில் பாதிப் பணத்துக்குப் பாதிப் பெண்ணைச் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடு இல்லை. இடம் வேறு யாருக்கோ போனது.

மாப்பிள்ளை அதன்பிறகு டீக்கடை டீக்கடையாகப் போய்ச் சொன்னதுதான் எண்ணிக்கைக்கு எமனாக வந்தது. "என் மச்சான் தங்கம்யா. வேலை போனாலும் பரவால்லன்னு வீடு தேடி வந்து, வித்துடுங்க மாப்ளன்னு கெஞ்சுனாரு. நான்தான் பெரிய மேதாவியாட்டம் கேக்கல." தன் இரண்டு மூட்டையையும் விற்காமல் நம்மோடு சேர்ந்து நஷ்டப்பட்ட மனுஷன் என்று ஊரே எண்ணிக்கையை நிறுத்திக் கையைப் பிடித்தது. உன்னைப்போல ஒரு தாய்மாமன் உண்டா என்றது. சவரக்கடைக்காரர் அன்றைக்குக் காசு வாங்கவில்லை. எண்ணிக்கை இரண்டு தடவை மறுக்க வாயெடுத்தார். மூன்றாம் தடவையிலிருந்து தலையை மட்டும் ஆட்டினார். பிறகு பழகிவிட்டது.

ஒரு மாதம் கழித்துத் தங்கச்சி கம்பெனிக்கு வந்தாள். மகளும் பின்னால் நின்றாள். ஃபேன் ஓடிக்கொண்டிருந்த அறையில் இரண்டு நாற்காலி காலியாக இருந்தும் இருவரும் உட்காரவில்லை.

"உக்காரும்மா. டீ சொல்லட்டுமா?"

"வேணாம். மெளகு பொறுக்குற ஷெட்டுல ஆளு எடுக்கறீங்களாமே. இவளுக்கு ஒரு எடம் வேணும்."

"இவளுக்கா? அடுத்த வருஷம் மறுபடி எழுதிப் போட்டா..."

"இந்த வெலைக்குப் புது மெளகு பறிகூலிக்கும் கடனுக்குமே காணாது. அடுத்த வருஷத்துக்கு எந்த மெளக விக்க?"

எண்ணிக்கை மேஜையில் இருந்த பேனாவை எடுத்து மூடினார், திறந்தார். "நான் அன்னைக்கே வந்து சொன்னேன். நீயும் இருந்த. மாப்ளதான்..."

"சொன்னே" என்றாள் தங்கச்சி. "அவரு ஊரெல்லாம் அதத்தான் சொல்லிட்டுத் திரியறாரு. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்ணே. அவரு உன் வாய நம்ப மாட்டாரு, மூட்டையத்தான் நம்புவாருன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அதத் தூக்குறதுக்கு எவ்ளோ நேரம் ஆகும்?"

எல்லாவற்றையும் எண்ணித் தேய்ந்த மனுஷனுக்கு அதற்குப் பதில் தெரியும். மருமகள் சுவரில் இருந்த விலைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்ததிலிருந்து மாமா என்று ஒரு தடவைகூட அவள் கூப்பிடவில்லை. இப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"காலைல எத்தனை மணிக்கு வரணும்?"

"எட்டு மணிக்கு" என்றார் எண்ணிக்கை. "மூக்குக்குத் துணி கட்டிக்கிட்டு வா. தூசி நெஞ்சுக்குள்ள போயிடும்."