ஒன்பது அடிப் படத்தில் ஒரு கை

மயிலாப்பூரில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். அறுபது மெகாபிக்சல் கேமரா வாங்கப் போகிறேன் என்றதும், எனக்குப் பெரிய படங்களைப் பிரிண்ட் போட்டுத் தரும் ராயப்பேட்டைக்காரர் சிரித்தார்.

"இன்னாத்துக்கு மேடம்? இப்ப கீற இருபத்துநாலே போதும். பத்தடி தள்ளி நின்னு பார்த்தா ரெண்டும் ஒண்ணுதான். சொவத்துல மாட்டுன படத்தை எவன் மூக்கை ஒட்டிப் பார்க்கப் போறான்?"

கணக்குப்படி அவர் சொன்னது சரிதான். ஆனாலும் வாங்கினேன். தி. நகரில் ஜவுளிக்கடை திறக்கவிருந்த அண்ணன் தம்பி இருவர், கல்லாவுக்குப் பின்னால் ஒன்பது அடி அகலத்தில் குடும்பப் படம் கேட்டிருந்தார்கள். தெற்கத்திக் குடும்பம், பதினொரு பேர். புதுக் கேமராவில் எடுத்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று பழையதிலும் நாலு படம் எடுத்து வைத்தேன்.

முகப்பருவையும் எண்ணெய் வழிசலையும் நீக்குவதற்காகக் கம்ப்யூட்டரில் படத்தை முழு அளவுக்கு விரித்தேன். வரிசையின் ஓரத்தில் தம்பியின் மனைவி நின்றிருந்தாள். ரவிக்கைக் கைக்குக் கீழே, அப்பியிருந்த மேக்கப்பையும் மீறி நாலு நீலத் தடங்கள் தெரிந்தன. ஒவ்வொன்றின் நுனியிலும் நகம் பதிந்த கீறல். பழைய கேமராவின் படத்தில் அதே இடத்தைத் தேடிப் பார்த்தேன். சேலை மடிப்பின் நிழல் என்று நினைத்துக் கடந்துபோகக்கூடிய ஒரு மங்கல் மட்டுமே இருந்தது.

யாருக்கு என்ன நிறச் சேலை என்று முடிவு செய்ய அவளோடுதான் பேசியிருந்தேன். அவளுக்கே போன் செய்தேன்.

"உங்க கையில இருக்கிறதை அழிச்சிடவா?"

"விட்டுருங்கக்கா," என்றாள். "அதையும் அழிச்சிட்டா நான் பெறகு யாருட்ட எதைக் காட்ட?"

மற்ற பத்துப் பேரையும் பளபளப்பாக்கினேன். அவள் கையைத் தொடவில்லை.

திறப்பு விழாவைப் படமெடுக்க நானும் புதுக் கேமராவோடு போயிருந்தேன். அவளுடைய அண்ணன் நாகர்கோவிலிலிருந்து சீர்த்தட்டுகளோடு வந்தார். பத்தடி தள்ளி நின்று யாரும் பார்க்கவில்லை. அவரவர் வீட்டு ஆளைத் தேடிக் கிட்டே போனார்கள். அவரும் தங்கையைத் தேடிக்கொண்டு படத்தை ஒட்டிப் போனார். அவள் கையிலிருந்த தடங்கள் கண்ணில் பட்டன. பிறகு தன் நாலு விரல்களையும் அந்தத் தடங்களின் மேல் வைத்துப் பார்த்தார். படம் ஆள் அளவுக்கே இருந்ததால் விரல்கள் தடங்களில் சரியாகப் பொருந்தின.

"யாரு?" என்று திரும்பிக் கேட்டார். அவள் புருஷனைப் பார்த்தாள்.

அடுத்த நொடி அவன் தலைமுடி அவர் பிடியில் இருந்தது. "எங்க வீட்டுப் புள்ள மேல கை வப்பியாலே!" கல்லாவின் கண்ணாடி மேல் அவன் முகத்தை ஒரு முறை மோதினார். கண்ணாடியில் விரிசல் விழுந்தது. இரண்டாவது மோதலில் உடைந்தே போனது. அவன் வாயிலிருந்து ரத்தத்தோடு இரண்டு பற்கள் விழுந்தன. பெண்கள் அலறிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். கடைக்காரச் சகோதரர்களில் மூத்தவர் ஷட்டர் இழுக்கும் இரும்புக் கம்பியை எடுத்து அவள் அண்ணனின் கையில் ஓங்கி அடித்தார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவர் விடவில்லை. மற்றொரு கையால் அவன் கழுத்தை நெரித்துக்கொண்டே இருந்தார். நாலு பேர் சேர்ந்து அவரைப் பிரித்தெடுத்தார்கள்.

மூத்தவர் என்னிடம் வந்தார். "நீதானம்மா இதைக் காட்டிக் குடுத்த!" என்று கேமராவைப் பிடுங்கித் தரையில் அடித்தார். லென்ஸ் சிதறி ஒரு துண்டு என் கணுக்காலைக் கிழித்தது. வலியை விடப் பயம்தான் அதிகம். ஆனால் அவன் பல் தரையில் கிடந்ததைப் பார்த்தபோது எனக்குள் ஒரு குரூரமான திருப்தி எழுந்தது. அதை இப்போதும் என்னால் மறுக்க முடியாது.

அவள் ஓடவும் இல்லை, அழவும் இல்லை. அண்ணனின் முறிந்த கையைத் தன் முந்தானையால் கட்டி, ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். அந்தக் கடைக்கோ அந்த வீட்டுக்கோ அவள் திரும்பவே இல்லை.

சில மாதங்கள் கழித்து அவளுடைய வக்கீல், திருத்தாத மூலப் படத்தைக் கேட்டு வந்தார். நல்லவேளை, கேமரா உடைந்தாலும் படங்கள் என் கம்ப்யூட்டரில் இருந்தன. குடும்ப நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் என்னிடம் கேட்டார்:

"இவ்வளவு பெருசாக்கினா இல்லாத கறையெல்லாம் வரும் இல்லையா?"

"பழைய கேமராவா இருந்தா அப்படிச் சொல்லியிருக்கலாம் சார். இதுல நகக்கீறல் தனியாத் தெரியுது. அது கறை இல்லை," என்றேன்.

புருஷன் தலை குனிந்தே உட்கார்ந்திருந்தான். அவள் மட்டும் நிமிர்ந்து, திரையில் தெரிந்த தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விவாகரத்து கிடைத்தது. அண்ணனுடைய இரண்டு விரல்கள் இன்னும் முழுதாக மடங்குவதில்லை என்று போன வாரம் போனில் சொன்னாள். இப்போது அவள் நந்தனத்தில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள்.