இன்னும் காட்டமாக ஒரு மனு

என் மேசையில் தாள்கள் பறக்காமலிருக்க மின்பெட்டியில் செருகும் பீங்கான் பியூஸ் கேரியர் ஒன்றை வைத்திருக்கிறேன். விளிம்பில் மெருகு ஏறாத கழிவுச் சரக்கு. விருத்தாசலத்தில் சிறுதொழில் சங்கத்துக்குத் தட்டச்சராக வந்த புதிதில், சங்கத் தலைவர் தன் பட்டறையிலிருந்து கொண்டுவந்து கொடுத்தார். "இதுக்குப் போயி காசு குடுத்து வாங்காதம்மா" என்றார். சிக்கனத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை, கோபத்திலும்தான்.

பக்கத்து நாடுகளோடு வரியில்லா வணிக ஒப்பந்தம் வரப்போகிறது என்ற செய்தி வந்தபோது அந்தக் கோபத்தை முழுதாகப் பார்த்தேன். வெளிநாட்டுப் பீங்கான் மலிவாக வந்து இறங்கினால் அவர் சூளை அணையும், கம்மாபுரத்திலிருந்து பஸ் ஏறி வரும் பெண்களுக்கு வேலை போகும். ஒப்பந்தமே வேண்டாம் என்று மனு தட்டச்சு செய்தேன். கருத்துக் கேட்கச் சென்னைக்கு வந்திருந்த தில்லி அதிகாரியிடம் இருவருமாகக் கொண்டுபோனோம். வழியெல்லாம் தலைவர் சண்டைக்கு ஒத்திகை பார்த்தார். அதிகாரி நம் ஊர்ப்பக்கத்துக்காரர். நிதானமாகப் படித்துவிட்டு, "இது போதாதுங்க, இன்னும் காட்டமா எழுதிக் குடுங்க" என்றார். "அப்ப ஒப்பந்தம் நின்னுடுங்களா?" என்றார் தலைவர்.

அதிகாரி ஒளிக்காமல் சொன்னார். "கையெழுத்து போடத்தான் போறாங்க. மத்த நாடெல்லாம் உள்ள போயி நாம மட்டும் வெளியில நின்னா, அந்த நாடுகள்ல நம்ம சரக்குக்கு மட்டும் வரி வுழும். ஆனா ஊர்ல இவ்ளோ எதிர்ப்பு இருக்குதுன்னு காட்டினாத்தான், உங்களுது மாதிரி சரக்கு இங்க வந்து எறங்குறதுக்கு வரிய மெதுவா குறைக்கலாம்னு பேச்சுவார்த்தையில நான் கேக்க முடியும்."

வெளியே டீக்கடையில் உட்கார்ந்தோம். வேண்டாம் என்று கொண்டுபோன தாளே ஒப்பந்தப் பேரத்துக்கு உதவப்போவது தலைவருக்குக் கசந்தது. கடைசியில், "அழுத புள்ளதாம்மா பால் குடிக்கும், எழுதிக்க" என்றார். அங்கேயே எழுதினோம். பியூஸ் கேரியரைப் பற்றிப் பத்தி பத்தியாக.

ஒப்பந்தம் ஆயிற்று. எங்கள் வகைச் சரக்கின் இறக்குமதிக்கு வரி மெல்லத்தான் இறங்கியது. கிடைத்த அவகாசத்தில் தலைவர் சூளையை மாற்றி, அதே நாடுகளுக்குச் சரக்கு அனுப்பவும் தொடங்கினார். அந்தப் பெண்கள் இன்றும் பஸ்ஸில் வருகிறார்கள். பார்க்கப் பார்க்க நிறைவாக இருக்கிறது. ஆனால் பீங்கான் கோப்பைக்கு வரி உடனே போனதால், அதைச் செய்த எங்கள் சங்கப் பட்டறைகள் சில மூடிப்போயின. அந்த மனுவில் கோப்பை என்ற சொல்லே இல்லை. தட்டச்சு செய்தவள் நான்தான்.

இப்போது இன்னொரு ஒப்பந்தம் பற்றிப் பேச்சு. இன்று காலை புது மனுவை முடித்ததும், ஓய்வில் இருக்கும் தலைவருக்குப் போன் செய்தேன்.

"காட்டமா இருக்குதாம்மா?"

"இருக்குதுங்க."

"கோப்பைக்காரங்க பேரு?"

"மொத வரியிலயே இருக்குதுங்க."

பேசி முடித்ததும், பியூஸ் கேரியரை எடுத்து அந்தத் தாளின் மேல் வைத்தேன்.