எல்லாருக்கும் தெரிந்த பாஸ்வேர்ட்

1. பக்கம் திறக்கவில்லை

காலையில் கடையைத் திறந்து ஃபேனைப் போடுவதற்குள் போன் அடித்தது. ரொறன்ரோவிலிருந்து ரவி. எடுத்த எடுப்பிலேயே கேட்டார்.

"அக்கா, அம்மாண்ட பேஜ் திறக்குதில்லை. சுகந்தியும் போன் எடுக்கிறாள் இல்லை. மறைக்காமச் சொல்லுங்கோ, அம்மா இருக்கிறாவோ?"

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் வெப்சைட் செய்து கொடுப்பவள் நான். கல்யாண மண்டபம், புடைவைக்கடை, டியூஷன் வகுப்பு, இவைதான் என் வாடிக்கை. ஒருவர் உயிரோடு இருக்கிறாரா என்று என்னிடம் கேட்பார்கள் என எந்தக் கோர்ஸிலும் சொல்லித் தரவில்லை.

2. ஏன் அந்தப் பக்கம்

சுகந்தி ரவியின் தங்கை. இங்கே வங்கியில் வேலை. அவர்களின் அம்மா ராஜேஸ்வரிக்குப் புற்றுநோய், ஈரலுக்கும் பரவியிருந்தது. கனடா, லண்டன், மெல்பேர்ன் என்று சொந்தம் முழுவதும் வெளியில். "ஒவ்வொருத்தருக்கும் அதே கதையைச் சொல்லிச் சொல்லி வாய் உளையுது அக்கா. ஒரு இடத்தில எழுதி விட்டா எல்லாரும் வாசிப்பினம்" என்று வந்தாள்.

வட்ஸ்அப் குறூப் போதுமே என்றேன். முடியாதாம். குடும்பக் குறூப் எல்லாவற்றிலும் அம்மாவும் இருக்கிறார்.

"அவாவுக்கு வயித்துப்புண் எண்டுதான் சொல்லியிருக்கிறம். தெரிஞ்சா அண்டைக்கே மனம் விட்டிடுவா."

ஆகவே பாஸ்வேர்ட் போட்டுப் பக்கம் செய்தேன். பிழையாகத் திரும்பத் திரும்ப அடித்தால் பக்கம் எல்லாருக்கும் பூட்டிக்கொள்ள வேண்டும் என்பதும் சுகந்தி கேட்டதுதான். அவ்வளவு பயம் அவளுக்கு. ரவியும் அந்தப் பயத்தால்தான் வராமல் இருந்தார். பொங்கலுக்கு வருவதாக வழக்கம்போலச் சொல்லி வைத்திருந்தார். அதற்கு முன் திடீரென்று வாசலில் வந்து நின்றால் அம்மா ஊகித்துவிடுவார். பொங்கல் வரை தாங்குவது கஷ்டம் என்று டொக்டர் சொன்னதையும் ரவி அந்தப் பக்கத்தில்தான் வாசித்தார்.

3. உள்வீட்டு ஆள்

ரவியை லைனில் வைத்துக்கொண்டே, பக்கத்துக்கு யார் எப்போது வந்தார்கள் என்று பதிவாகும் லொக் ஃபைலைத் திறந்தேன். அன்று காலை யாரோ பிழையான பாஸ்வேர்டுகளை வரிசையாக அடித்திருந்தார்கள். எல்லாம் சுகந்தி அப்டேட் எழுதும் அதே வீட்டு வைஃபையிலிருந்து. சுகந்தியும் கணவரும் வேலைக்குப் போய்விட்ட நேரம். வீட்டில் இருப்பது அம்மாவும், தமிழ் வாசிக்கத் தெரியாத ஒரு பராமரிப்புப் பெண்ணும்தான்.

"அம்மா இருக்கிறா தம்பி" என்றேன். "பக்கம்தான் பூட்டுப்பட்டுக் கிடக்கு." யார் பூட்டியது என்று சொல்ல வாய் வரவில்லை.

அவர் வைத்த கையோடு அடுத்த அழைப்பு.

"பிள்ளை, பக்கத்துக்குக் கீழ உம்மட நம்பர் கிடந்தது. நான் சுகந்தியின்ர அம்மா. பேரப்பிள்ளையள்ட பேர், பிறந்த நாள் எல்லாம் அடிச்சுப் பார்த்தன். இப்ப ஒண்டும் வருகுதில்லை."

இப்படி ஒரு பக்கம் இருப்பது எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"என்ர தங்கச்சி மெல்பேர்னில இருந்து கதைக்கேக்க வாய்தவறி விட்டிட்டாள். 'பேஜில பார்த்தனான், நேற்றும் சாப்பிட்டதெல்லாம் சத்தி எடுத்தியாமே' எண்டாள். பிறகு சுகந்தியின்ர ஐபாட்டில தேடிப் பிடிச்சன். என்ர நோய், வருத்தம் எல்லாத்தையும் உலகமெல்லாம் வாசிக்குது. எனக்கு மட்டும் பூட்டு."

பாஸ்வேர்ட் என் நாக்கு நுனியில் நின்றது. ஆனால் வாடிக்கையாளர் சுகந்தி. அவளைக் கேட்காமல் கொடுக்க முடியாது. அதை அம்மாவிடம் சொன்னேன்.

"சரி, கதையும். கெதியாக் கதையும் பிள்ளை. எனக்கு எவ்வளவு காலம் கிடக்கு எண்டு உங்களுக்குத்தானே தெரியும்."

4. என் வேலை இல்லாத வேலை

சுகந்தி போன் எடுத்ததும் விஷயத்தைச் சொன்னேன். பொரிந்து தள்ளினாள். "நீங்கள் வெப்சைட் செய்யிற ஆள். வெப்சைட்டை மட்டும் பாருங்கோ!"

எனக்கும் கோபம் வந்தது. "வெப்சைட்டைத்தான் பார்த்தனான். அவாவுக்குத் தன்ர வருத்தம் என்னெண்டு தெரியும் சுகந்தி. பாஸ்வேர்ட்தான் தெரியாது."

லைன் கட்டாகிவிட்டது.

வெளிநாட்டுச் சனம் பதறாமல் இருக்கப் பூட்டை மட்டும் எடுத்துவிட்டேன், பாஸ்வேர்ட் அப்படியே இருந்தது. பிறகு ஒரு வேலையும் ஓடவில்லை. அந்த மனுசி இதை அறிந்து உண்மையிலேயே படுத்துவிட்டால்? இல்லை, அறியாமலேயே போய்விட்டால்? புடைவைக்கடைக்காரர் பேனரின் நிறம் கேட்டு வந்தார், அவரிடம் எரிந்து விழுந்தேன். நிமிடத்துக்கு ஒரு தடவை அந்தப் பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்தபடி இருந்தேன்.

பின்னேரம் புதிய அப்டேட் ஒன்று வந்தது.

"ராஜேஸ்வரி எழுதுகிறேன். எல்லாம் வாசித்தேன். சுகந்தியை ஒருவரும் ஏச வேண்டாம், பிள்ளை அழுதுகொண்டு பக்கத்தில் இருக்கிறாள். ரவி, எனக்குத் தெரிந்துவிடும் என்றுதானே வராமல் இருந்தாய்? தெரிந்துவிட்டது. வா."

கடையில் ஆட்கள் இருந்தும் நான் அழுதேன்.

5. இப்போது முதலில் கேட்பது

ரவி அந்தக் கிழமையே வந்து இறங்கினார். பொங்கலுக்கு முன்பே அம்மா போய்விட்டார்.

இப்படிப் பக்கம் கேட்டு இன்னும் ஆட்கள் வருகிறார்கள். நிறம், எழுத்து, படம் எல்லாம் பிறகு. நோயாளிக்குப் பாஸ்வேர்ட் கொடுப்பீர்களா என்றுதான் முதலில் கேட்கிறேன். சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வேறு கடைக்குப் போகிறார்கள். போகட்டும். தயங்கி நிற்பவர்களுக்கு ரவியின் கதையைச் சொல்வேன். அம்மா அந்தப் பூட்டோடு மல்லுக்கட்டாமல் இருந்திருந்தால், ரவி பொங்கல் வரை வராமல் அந்தப் பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.