மகள் தூங்கும்போது மட்டும் ஓடும் மிஷின்

ஜகாத்தாகக் கிடைத்த தையல் மிஷினை இனியும் நான் வைத்திருக்கலாமா? இன்றுவரை பதில் தெரியவில்லை.

கணவருக்கு வெளியூரில் வேலை. ஆம்பூர் வீட்டில் நானும் இரண்டு வயது மகளும்தான். வீட்டிலிருந்தே ஷூ மேல்பாகம் தைத்துச் சம்பாதிக்க, எங்கள் பள்ளிவாசல் ஜமாஅத், ஏழைகளுக்கான ஜகாத் நிதியிலிருந்து மிஷின் தந்தது. ஒருநாள் தைத்துக்கொண்டிருந்தபோது மகள் ஊசிக்கு அடியில் விரலை நீட்டிவிட்டாள். மயிரிழையில் தப்பினாள். அவளை அணைத்துக்கொண்டு அழுதேன். என்னவென்று கேட்க ஆளில்லை.

அன்றிலிருந்து அவள் தூங்கும்போது மட்டும் தைக்கிறேன். பார்க்க வந்த ஜமாஅத் அக்கா, "இன்னாம்மா, மிஷின் மேல துணி காயுது? இதுக்கு இன்னொரு பொண்ணு காத்துனு இருக்கா" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தனியாகப் பிள்ளை வளர்த்துக்கொண்டே தைக்கும் சகோதரிகள் யாராவது இருந்தால், வழி சொல்லுங்களேன்.